புள்ளித்திட்டம் இல்லாத பாடம்

(பூநகரியில் மாணவர், பெற்றோர், ஆசிரியர் முன்னிலையில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இப்படியான பேச்சுகளில், அறக்கட்டளை யார் பெயரில் அமைந்ததோ அவரைப் பாதி நேரம் புகழ்வது நம்மவர் வழக்கம். இந்த அறக்கட்டளையை நிறுவிய குடும்பத்தவர்கள் அதை வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். "பிள்ளையளுக்குப் பயன்படுகிற ஏதாவது சொல்லுங்கோ" என்றார்கள். ஆகவே நேரே விஷயத்துக்கு வருகிறேன். மாணவர் மன்றம், விளையாட்டு, சாரணர், நாடகம், பாண்ட் வாத்தியம், முதலுதவிப் படை என்று பாடத்துக்கு வெளியே பாடசாலையில் நீங்கள் செய்கிற வேலைகள், பிறகு பல்கலைக்கழகத்தில் எதற்கு உதவும்? உண்மையில் உதவுமா?

இந்த ஊரில் இந்தக் கேள்விக்குத் தனிக் கனம் உண்டு. உங்கள் பெற்றோரின் காலத்தில் இங்கிருந்து யாழ்ப்பாணம் போவதென்றால் சங்குப்பிட்டியில் 'பாதை' என்ற மிதவையில் ஏறிக் கேரதீவில் இறங்க வேண்டும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அந்த வழியும் அடைபட்டது. பல்கலைக்கழகப் பிள்ளைகள் இரவில் கிளாலிக் கடல்நீரேரியைப் படகில் கடந்தார்கள். எல்லோரும் கரை சேரவில்லை. 2011 ஜனவரியில் சங்குப்பிட்டிப் பாலம் திறந்தது. 288 மீற்றர், பஸ்ஸில் இருந்து கடலைப் பார்த்து முடிப்பதற்குள் அக்கரை வந்துவிடுகிறது. நம்முடைய கிளிநொச்சி மாவட்டத்திலேயே அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம், பொறியியல் பீடம், தொழில்நுட்ப பீடம் எல்லாம் இயங்குகின்றன. வவுனியா வளாகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகம் ஆகிவிட்டது. தூரம் என்று சாக்குச் சொல்லும் காலம் போய்விட்டது.

அனுமதியிலும் நமக்குக் கொஞ்சம் கைகொடுக்கிறார்கள். பெரும்பாலான துறைகளுக்கு, நூற்றுக்கு 40 இடம் முழுத் தீவுக்குமான திறமை வரிசையில் போகிறது; 55 மாவட்ட அடிப்படையில் போகிறது; மிகுதி 5 கல்வியில் பின்தங்கியவை என்று குறிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கு. கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வவுனியாவும் மன்னாரும் அந்தப் பட்டியலில் உண்டு. இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. விஞ்ஞான ஆசிரியர் இல்லாமல் ஒரு தவணை, ஆய்வுகூடம் இல்லாமல் இரண்டு வருடம் என்று படித்த பிள்ளையையும், கொழும்பில் மூன்று ரியூசன் வகுப்புக்குப் போன பிள்ளையையும் ஒரே கோட்டில் நிறுத்தி ஓடவிடுவது நீதியாகாது. ஆனால் இந்த ஒதுக்கீடு வாசல்வரைதான் கூட வரும். வாசலைத் தாண்டிய முதல் ஆறு மாதத்தில் நடப்பதைப் பற்றி யாரும் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை. அதை நான் கிட்ட நின்று பார்த்தவன். முதலாம் வருடத்துக்கு நெடுங்காலம் படிப்பித்தவன்.

என்ன நடக்கிறது? உயர்தரத்தில் நீங்கள் படிப்பது பாடத்தை மட்டும் அல்ல, புள்ளித்திட்டத்தையும் சேர்த்துத்தான். எந்தச் சொல் வந்தால் எத்தனை புள்ளி என்று கடந்தகால வினாத்தாளை வைத்துப் பழகுகிறீர்கள். பழக்குகிற ஆசிரியரைக் குறை சொல்ல மாட்டேன், பரீட்சை அப்படி. அப்படிப் பழகி வந்த பிள்ளையின் கையில் பல்கலைக்கழகத்தில் ஓர் ஒப்படையைக் கொடுக்கிறோம். "உங்கள் ஊரில் ஒரு குளத்தின் நீர் எப்படிப் பங்கிடப்படுகிறது என்று ஐந்து பேர் கொண்ட குழுவாக ஆராய்ந்து, மூன்று வாரத்தில் அறிக்கை தாருங்கள், பதினைந்து நிமிடம் பேசுங்கள்." அவ்வளவுதான். எத்தனை பக்கம், எந்தத் தலைப்புகள் என்று ஒன்றும் சொல்வதில்லை. வகுப்பு முடிந்ததும் யாராவது ஒருவர் பின்னாலேயே வருவார்: "சேர், இதுக்கு என்ன எழுதினா முழுப் புள்ளி?"

அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாததால் அவர் தவித்துப் போகிறார். குழுவில் யார் கமக்காரர் அமைப்பின் தலைவரிடம் போய்ப் பேசுவது? யார் கிராம அலுவலருக்குத் தொலைபேசி எடுப்பது? ஒருவர் வேலை செய்யாமல் ஒளித்துத் திரிந்தால் அதை எப்படிச் சொல்வது? இதற்கெல்லாம் மேலே ஆங்கிலம். பதின்மூன்று வருடம் தமிழில் படித்த பிள்ளைக்கு விஞ்ஞானம், பொறியியல், விவசாயம் எல்லாம் அங்கே ஆங்கிலத்தில். விரிவுரைக்கு வராவிட்டால் வீட்டுக்கு ஆள் அனுப்ப வகுப்பாசிரியர் இல்லை. வரவு குறைந்தால் பரீட்சை எழுத விடமாட்டார்கள் என்பது கடைசி நேரத்தில்தான் பலருக்கு உறைக்கிறது. மாவட்டத்தில் முதலிடம் எடுத்த பிள்ளைகளே முதல் அரையாண்டில் சோர்ந்து போவதைக் கண்டிருக்கிறேன். நடுத்தரப் புள்ளியோடு வந்து தலைநிமிர்ந்து நின்ற பிள்ளைகளையும் கண்டிருக்கிறேன். இவர்களை விசாரித்தால் அநேகமாக எங்கோ ஒரு மன்றத்தின் செயலாளர், ஒரு இல்லத்தின் தலைவி, ஒரு கரப்பந்தாட்ட அணியின் முகாமையாளர் என்று ஏதோ ஒன்று வெளியே வரும்.

இது என் அனுபவம் மட்டும் அல்ல. அமெரிக்காவில் பாடசாலையை இடையில் விட்டவர்கள் பிறகு எழுதித் தேறக்கூடிய ஒரு சமநிலைப் பரீட்சை உண்டு, ஜி.ஈ.டி. என்பார்கள். 2000ஆம் ஆண்டு பொருளியலுக்கு நோபல் பரிசு பெற்ற ஜேம்ஸ் ஹெக்மன், யோனா ரூபின்ஸ்ரைன் என்பவரோடு சேர்ந்து 2001இல் அந்தப் பரீட்சையில் தேறியவர்களைப் பற்றி எழுதினார். அறிவுச் சோதனைகளில் இவர்கள் பாடசாலையை முறையாக முடித்து மேலே படிக்காமல் விட்டவர்களுக்குச் சமமாகவே நின்றார்கள். ஆனால் தொழிலிலும் மேற்படிப்பிலும் அவர்கள் போன பாதை, பாடசாலையை விட்டவர்களின் பாதையை ஒட்டியே இருந்தது. தாளில் எழுதத் தெரிந்த அறிவு குறையவில்லை. நேரத்துக்கு வருவது, தொடங்கியதை விடாமல் இழுத்துப் போவது, மற்றவரோடு ஒத்துப்போவது என்பவைதான் குறைந்தன என்பது ஹெக்மனின் முடிவு. பரீட்சை அளப்பதைத் தவிர வேறு ஏதோ ஒன்று பாடசாலையில் கிடைக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

அந்த 'வேறு ஏதோ ஒன்று' எங்கே கிடைக்கிறது என்று கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம்.

மாணவர் மன்றக் கூட்டத்தை எடுங்கள். கடைசிப் பாடவேளை. தலைவர் நடுவில், செயலாளர் பக்கத்தில், பின்னால் பாதிப் பேர் பஸ்ஸை நினைத்துக்கொண்டு. இறைவணக்கம் முடிய, செயலாளர் எழுந்து சென்ற கூட்ட அறிக்கையை வாசிக்கிறார். எல்லோருக்கும் அலுப்பான நேரம் இதுதான். வாசித்து முடிய, தலைவர் "இதில் ஏதும் திருத்தம் உண்டா?" என்று கேட்கிறார். எட்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி எழும்புகிறாள். "இரண்டாவதாகப் பேசினது நான். அறிக்கையில வேற பேர் இருக்கு." மண்டபம் சிரிக்கிறது. செயலாளர் பதின்மூன்றாம் வகுப்பு, ஆறடி உயரம். அவர் குனிந்து பெயரை வெட்டித் திருத்துகிறார். ஒருவர் முன்மொழிய, இன்னொருவர் வழிமொழிய, அறிக்கை திருத்தத்துடன் ஏற்கப்படுகிறது.

இந்த இரண்டு நிமிடத்தில் நடந்ததை எண்ணிப் பாருங்கள். நடந்ததை நடந்தபடி, தன் அபிப்பிராயத்தைக் கலக்காமல் எழுத வேண்டும் என்பது அந்தச் செயலாளருக்குத் தெரியும். தான் எழுதியது பிழை என்று தன்னைவிடச் சின்னவள் எல்லோர் முன்னிலையிலும் சொல்லலாம் என்பதும் தெரியும். சொன்னால் கோபிக்காமல் திருத்துவதுதான் முறை என்பதும் தெரியும். பல்கலைக்கழகத்தில் களக்குறிப்பு, ஆய்வுகூட அறிக்கை என்று நாங்கள் கேட்பதெல்லாம் இதைத்தான். கருத்தரங்கு வகுப்பில் ஒரு பிள்ளையின் கட்டுரையை இன்னொரு பிள்ளை குறை சொன்னால், மன்றத்தில் பழகாதவர் அதைப் பகையாக எடுத்து ஒரு வருடம் முகம் பாராமல் திரிவார். பழகியவர் பேனையை எடுப்பார். அந்த எட்டாம் வகுப்புச் சிறுமியையும் மறக்க வேண்டாம். இவளைப் போன்ற ஒருத்திதான் ஏழு வருடம் கழித்து விரிவுரையில் கையை உயர்த்தி, ஆங்கிலத்தில் தட்டுத் தடுமாறி, "சேர், கரும்பலகையில் அந்த அலகு பிழை" என்று சொல்லப்போகிறாள். எனக்கே சொல்லியிருக்கிறார்கள்.

அடுத்தது இல்ல மெய்வல்லுநர் போட்டி. பெற்றோர் பார்ப்பது ஓட்டத்தையும் வெற்றிக் கேடயத்தையும். எனக்குப் பிடித்தது அதற்கு முந்தைய பத்து நாள். இல்ல அலங்காரம் என்ன என்று முடிவெடுக்க வேண்டும். பூநகரிக் கோட்டையைச் சாக்கிலும் தடியிலும் கட்டுவோம் என்று ஒரு கட்சி, கோயில் கோபுரம் என்று ஒரு கட்சி. கிடுகு யாருடைய வளவில் இரவல், அதை ஏற்றிவர யாருடைய லான்ட்மாஸ்ரர், டீசல் காசு யார் தருவது? வர்ணக் கடதாசிக்குக் கொடுத்த காசில் மிச்சம் எங்கே என்று பொறுப்பாசிரியை கேட்கிறார். பற்றுச்சீட்டைப் பொருளாளர் காற்சட்டைப் பையில் வைத்துத் துவைத்துவிட்டார். முதல் நாள் பின்னேரம் காற்று அடித்துக் கோட்டையின் கொத்தளம் சாய்கிறது. இரவோடு இரவாக நிமிர்த்த வேண்டும். மத்தியஸ்தர்கள் காலையில் வந்துவிடுவார்கள். கொத்தளம் ஏன் சாய்ந்தது என்று அவர்களுக்கு விளக்கக் கடிதம் எழுதி அரைப்புள்ளி வாங்க முடியாது.

இதைத்தான் புள்ளித்திட்டம் இல்லாத பாடம் என்கிறேன். இங்கே மத்தியஸ்தரின் புள்ளி இருக்கிறது என்று நீங்கள் சொல்லலாம். அது கடைசியில் வருவது. அதற்கு முன்னால் உங்களைத் திருத்துவது காற்றும், காசும், இரவல் தர மறுக்கும் வளவுக்காரரும், கோபித்துக்கொண்டு வேலையை விட்டுப் போன நண்பனும். பொறியியல் பீடத்தில் நாலாம் வருடம் ஒரு குழு தன் செயற்றிட்டத்தைச் செய்யும்போது சந்திப்பதும் இதே ஆட்களைத்தான்.

இவ்வளவும் சொன்னதால், பாடசாலையில் நடக்கிற எல்லாப் போட்டியும் எல்லாப் பதவியும் பிள்ளையை வளர்க்கும் என்று நான் சொல்வதாக எடுக்க வேண்டாம். சில கெடுக்கும். முதலாவது, நமது பேச்சுப்போட்டி. தமிழ்த்தினப் போட்டிக்குக் கோட்டம், வலயம், மாகாணம் என்று ஏறும் பேச்சுகளில் எத்தனை அந்தப் பிள்ளையின் சொந்தப் பேச்சு? ஆசிரியர் எழுதிக் கொடுக்கிறார், அல்லது தகப்பன் யாரையோ பிடித்து எழுதுவிக்கிறார். எந்தச் சொல்லில் கை உயர வேண்டும், எந்தச் சொல்லில் குரல் தழுதழுக்க வேண்டும் என்பதுவரை பழக்கிவிடுகிறார்கள். மேடையில் ஏறுவது பிள்ளை, பேசுவது வேறொருவர். நான் இதைக் கடுமையாகவே சொல்கிறேன்: இப்படிப் பரிசு பெற்ற பிள்ளைகள் பல்கலைக்கழக மேடையில், ஒரு கேள்வி கேட்டவுடன் நின்றுபோகிறார்கள். அதைவிட, ஆங்கில தினத்துக்குப் பிழையும் சரியுமாய்த் தானே வசனம் சேர்த்து நடித்த பிள்ளை எவ்வளவோ மேல். ஆங்கிலம் பிறகு வரும். பிழையாய்ப் பேசுகிற துணிவு இருபது வயதுக்குப் பிறகு வருவது கடினம்.

இரண்டாவது, மாணவர் தலைவர் பதவி. கூடின புள்ளி எடுக்கிற பிள்ளைக்குச் சின்னத்தைக் குத்தி, மற்றவர்களை வரிசையில் நிறுத்தச் சொல்கிறோம். அதட்டப் பழகுகிறது பிள்ளை. அதட்டிப் பழகியதும் அதட்டு வாங்கிப் பழகியதும் சேர்ந்து பல்கலைக்கழகத்தில் பகிடிவதையாக முளைக்கிறது. அதைத் தடுக்க 1998இலேயே 20ஆம் இலக்கச் சட்டம் வந்துவிட்டது. இத்தனை வருடமாகியும் ஒவ்வொரு வருடமும் அறிவித்தல் ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். மாணவர் தலைவரின் வேலை தண்ணீர்த் தொட்டியைக் கவனிப்பது, புதிதாய் வந்த ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு வழிகாட்டுவது என்று இருந்தால் வேறு விதமான ஆட்கள் நமக்குக் கிடைப்பார்கள்.

சரி, நல்ல உதாரணம் ஒன்று. ஐம்பதுகளில் மட்டக்களப்பு வந்தாறுமூலையில் ஒரு மத்திய பாடசாலை. கன்னங்கரா கல்வி அமைச்சராய் இருந்தபோது கிராமப்புறங்களில் தொடங்கிய மத்திய பாடசாலைகளின் வரிசையில் வந்தது. அங்கே படித்த சீலாமுனைப் பையன் ஒருவன் ஊர்க் கூத்தைப் பாடசாலை மேடையில் ஆடினான். அந்தக் காலத்துப் படித்தவர்கள் கூத்தைப் பட்டிக்காட்டு வேலை என்று தள்ளி வைத்திருந்தார்கள். பையன் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போனான். பேராசிரியர் சு. வித்தியானந்தன் அங்கே மாணவர்களைக் கொண்டு கூத்தைப் புது மேடைக்கு ஏற்றிக்கொண்டிருந்த காலம்: 1962இல் கர்ணன் போர், 1963இல் நொண்டி நாடகம், பிறகு இராவணேசன், வாலிவதை. இராவணேசனில் இராவணனாக ஆடியது அந்த வந்தாறுமூலைப் பையன்தான். பெயர் சி. மௌனகுரு. பிறகு அரங்கியல் பேராசிரியர் ஆனார். அவர் படித்த அந்தப் பாடசாலை வளாகத்தில்தான் 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கிப் பின்பு கிழக்குப் பல்கலைக்கழகம் ஆனது. அங்கேயே அவர் படிப்பித்தார். பேராதனை அந்தப் பையனுக்குக் கூத்தைப் படிப்பிக்கவில்லை. அவன் கொண்டுபோனதைப் பேராதனை எடுத்துக்கொண்டது. நம்முடைய பிள்ளைகள் பல்கலைக்கழகத்துக்கு வெறுங்கையோடு போய்ப் பெற்றுக்கொண்டு வருவதாகவே நினைக்கிறார்கள். வன்னியில் காத்தவராயனும் கோவலனும் ஆடுகிற ஊர்களில் இருந்து போகிறவர்களும் அப்படியே நினைப்பதுதான் எனக்கு வருத்தம்.

இன்னும் பழையது ஒன்று உண்டு. 1924இல் வட்டுக்கோட்டையில் ஆசிரியர்களும் மாணவர்களுமாய்ச் சேர்ந்து மாணவர் காங்கிரஸ் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். ஹண்டி பேரின்பநாயகம் முன்னின்றவர். பிறகு அது யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் ஆனது. 1927 நவம்பரில் மகாத்மா காந்தியை யாழ்ப்பாணத்துக்கு அழைத்து வந்தவர்கள் இவர்கள்தான். அவர்களுடைய அரசியல் சரியா, 1931 தேர்தலைப் புறக்கணித்தது சரியா என்று இன்றைக்கும் வாதாடலாம், நானும் வாதாடுவேன். ஆனால் கடிதம் எழுதி, காசு சேர்த்து, பந்தல் போட்டு, ஆயிரக்கணக்கானவர் கூடும் கூட்டத்தை நடத்திய அந்த இளைஞர்களை வளர்த்தது கல்லூரி மன்றங்களே.

இப்போது பெற்றோரோடு ஒரு வார்த்தை. நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். "ஏ.எல். முடியட்டும் சேர், பிறகு உதுகளைப் பாக்கலாம்." பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் இசட் புள்ளியில் விளையாட்டுக்கு இடம் இல்லை, மன்றத்துக்கு இடம் இல்லை, உண்மைதான். தேசிய, சர்வதேச மட்டத்தில் சாதித்தவர்களுக்குப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஒரு சிறிய விசேட அனுமதி வைத்திருக்கிறது; அது மிகச் சிலருக்கே. கல்வியியற் கல்லூரி நேர்முகத்தில் இவற்றுக்குப் புள்ளி உண்டு. அந்தப் புள்ளிக்காகத்தான் இப்போது சான்றிதழ்க் கோவை என்ற ஒன்று வந்திருக்கிறது. பிளாஸ்ரிக் உறையில் முப்பது சான்றிதழ். ஒருநாள் பயிற்சி முகாம், அரைநாள் கருத்தரங்கு, பங்குபற்றியமைக்கு ஒன்று, வந்தமைக்கு ஒன்று.

அமெரிக்காவில் இது முற்றிப்போய்விட்டது. அங்கே பல கல்லூரிகளுக்குப் பொதுவான விண்ணப்பத்தில், பாடத்துக்கு வெளியே செய்தவற்றை எழுதப் பத்துக் கட்டங்கள் விட்டிருக்கிறார்கள். வசதியுள்ள வீட்டார் ஆலோசகருக்குக் காசு கொடுத்து அந்தப் பத்தையும் நிரப்புகிறார்கள். நம்முடைய முறை இதைக் கணக்கில் எடுக்காதது குறை என்று பல வருடம் பேசினோம். இப்போது எனக்கு அதில் ஒரு நன்மை தெரிகிறது. புள்ளி இல்லாத இடத்தில்தான் பிள்ளை தன் விருப்பத்துக்கு ஒன்றைச் செய்து பார்க்கிறது. அதற்கும் புள்ளித்திட்டம் வந்தால், அதற்கும் ரியூசன் வந்துவிடும்.

எண்ணிக்கை பெரிதில்லை என்பதற்கு ஆதாரமும் உண்டு. வாரன் வில்லிங்ஹாம் என்பவர் எழுபதுகளின் கடைசியில் தொடங்கி, அமெரிக்காவில் ஒன்பது கல்லூரிகளுக்குப் போன ஆயிரக்கணக்கான மாணவர்களைப் பட்டம் பெறும்வரை பின்தொடர்ந்து 1985இல் முடிவை வெளியிட்டார். பாடசாலைப் புள்ளிக்கும் அனுமதிப் பரீட்சைப் புள்ளிக்கும் அடுத்தபடியாக, கல்லூரியில் யார் சிறப்பாகத் தேறுவார் என்பதை முன்கூட்டிக் காட்டியது ஒரு குணம்: ஒன்றை எடுத்தால் வருடக் கணக்காய் விடாமல் செய்து, அதில் முன்னேறியும் இருப்பது. கல்லூரியில் பொறுப்புப் பதவிகளுக்கு வந்தவர்களிடமும் அதுவே தூக்கலாகத் தெரிந்தது. அந்த ஒன்று விளையாட்டா நாடகமா என்பது முக்கியமாக இருக்கவில்லை. பாண்ட் வாத்தியத்தில் மூன்று வருடம் நின்று மூன்றாம் வருடம் புதியவர்களுக்குப் பழக்கிய பிள்ளை, பன்னிரண்டு மன்றத்தில் பெயர் கொடுத்த பிள்ளையைவிட மேலே நின்றது.

இதில் ஒரு சந்தேகத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சாரணனாய் இருந்ததால் விடாமுயற்சி வந்ததா, விடாமுயற்சி உள்ளவன்தான் சாரணனாய் நின்றுபிடித்தானா? இந்த ஆய்வுகளால் அதைத் திட்டமாய்ப் பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் என்பது என் எண்ணம். பிறவியிலேயே கூச்சம் உள்ள பிள்ளை மூன்று வருடம் செயலாளராய் இருந்தால் பேச்சாளர் ஆகிவிடாது. ஆனால் நாலு பேருக்கு முன் எழுந்து அறிக்கை வாசிக்கும். பல்கலைக்கழகத்துக்கு அது போதும்.

இனி, பூநகரியில் இது எப்படி முடியும்? ஒன்றரை மணிக்குப் பாடசாலை மணி அடிக்கிறது. கிராஞ்சி, வலைப்பாடு, ஜெயபுரம், கௌதாரிமுனைப் பக்கம் போகிற பிள்ளைக்கு அந்த நேரத்து பஸ்ஸை விட்டால் அடுத்தது எப்போது என்று தெரியாது. பின்னேரம் நின்று பழகு என்று சொன்னால், பெண் பிள்ளையைப் பெற்றவர்கள் மறுப்பார்கள்; மறுப்பது நியாயம். ஆசிரியர்களில் பலர் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருந்து வருகிறவர்கள். அவர்களுக்கும் பஸ் உண்டு. சில வீடுகளில் விதைப்புக்கும் அறுவடைக்கும் பிள்ளையின் கை வேண்டும்; கரையோரத்தில் வலைக்கு வேண்டும். நகரத்துக் கல்லூரிகளைப் பார்த்து இருபது மன்றம் தொடங்கினால் இருபதும் தொடக்க விழாவோடு நின்றுவிடும். ஆகவே குறைவாய்ச் செய்யுங்கள். ஒரு பாடசாலைக்கு மூன்று போதும். அவை பாடநேர அட்டவணைக்குள் வர வேண்டும், கடைசிப் பாடவேளையைத் தின்னாமல். அதில் ஒன்றாவது இந்த ஊரை விட்டால் வேறெங்கும் செய்ய முடியாத ஒன்றாய் இருக்கட்டும்.

எனக்குத் தோன்றுவது கிணறு. பூநகரியில் எந்தக் கிணறு நல்ல தண்ணீர், எந்தக் கிணறு உவர், எது ஆனி ஆடியில் உவர்க்கும் என்று உங்கள் அம்மம்மாவுக்குத் தெரியும். எழுதிவைத்தவர் அதிகம் பேர் இல்லை. ஒரு சுற்றாடல் கழகம், ஊருக்கு நாலு கிணறு வீதம் தெரிந்தெடுத்து, மாதம் ஒருமுறை ஒரே திகதியில் நீர்மட்டத்தை அளக்கட்டும். கயிறும், நுனியில் ஒரு கல்லும் போதும். உவரை அளக்கச் சின்னக் கைக்கருவி உண்டு. மின்கடத்துதிறனை எண்ணாய்க் காட்டும். பிள்ளைகள் தத்தம் வீட்டுக்குப் பக்கத்துக் கிணற்றை அளந்தால் பஸ் பிரச்சினையும் இல்லை. ஒரு கொப்பியில் திகதி, கிணறு, ஆழம், உவர், அளந்தவர் பெயர். பத்தாம் வகுப்பில் தொடங்கிய பிள்ளை உயர்தரம் எழுதும்போது மூன்று மாரியும் மூன்று கோடையும் அந்தக் கொப்பியில் இருக்கும். நடுவில் ஒரு மாதம் யாரோ அளக்காமல் விட்டிருப்பார். அந்த இடத்தைக் கற்பனையாய் நிரப்பாமல் வெறுமையாய் விட வேண்டும் என்பதில் ஒரு சண்டை நடக்கும். அந்தச் சண்டையை விரும்பி எதிர்பார்க்கிறேன். ஆய்வு நேர்மை என்று பல்கலைக்கழகத்தில் இரண்டு விரிவுரை எடுத்தும் பலருக்கு ஏறாத விஷயம் அது.

கிணறு வேண்டாம் என்றால் மொட்டைக்கறுப்பன் நெல். எந்த வயலில் இன்னும் விதைக்கிறார்கள், எப்போது விதைத்தார்கள், எப்போது பூத்தது, மழை எத்தனை நாள் பிந்தியது என்று மூன்று போகம் தொடர்ந்து எழுதலாம். விவசாய பீடம் இதே மாவட்டத்தில்தான் இருக்கிறது. கொப்பியோடு போய்க் கேள்வி கேட்டால் அங்கே யாரும் கதவைச் சாத்த மாட்டார்கள். பூநகரிப் பிள்ளை முதன்முதலில் பல்கலைக்கழகத்துக்குள் காலடி வைப்பது பதிவு நாளில்தான் என்று இருக்க வேண்டியதில்லை.

அறக்கட்டளைக் குடும்பத்தவர்களிடம் முன்கூட்டிக் கேட்காமல் இதைச் சபையில் கேட்பது மரியாதை இல்லை என்று தெரியும், மன்னித்துக்கொள்ளுங்கள். வருடாவருடம் நீங்கள் கொடுக்கும் பரிசு உயர்தரத்தில் அதிக புள்ளி எடுத்தவருக்குப் போகிறது. அவரை எல்லோரும்தான் பாராட்டுகிறார்கள். பரிசில் ஒரு பங்கை, மூன்று வருடம் விடாமல் எழுதிய ஒரு கொப்பிக்குக் கொடுக்க முடியுமா? அது மன்ற அறிக்கைப் புத்தகமாய் இருக்கலாம், இல்லத்தின் கணக்குக் கொப்பியாய் இருக்கலாம், கிணற்றுக் கொப்பியாய் இருக்கலாம். எப்படித் தெரிவு செய்வது என்று உடனே கேட்பீர்கள். புள்ளித்திட்டம் மட்டும் போட வேண்டாம். கொப்பி எழுதிய பிள்ளையை உங்கள் வீட்டு விறாந்தையில் இருத்தித் தேத்தண்ணி கொடுத்து, அதில் உள்ள ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து, அன்றைக்கு என்ன நடந்தது என்று கேளுங்கள்.

நேரம் ஒன்றேகால் ஆகிறது. பின்வரிசையில் பைகளைத் தோளில் போடுகிறவர்களைக் காண்கிறேன்.